பச்சை வாசனை போகும் வரை

சேதுராமன் கடைசியாகத் திட்டு வாங்கியது ஒரு மூடிக்காக.

அரிசி டப்பாவைத் திறந்தவர் மூடியை அரைகுறையாகச் சாத்திவிட்டு நகர்ந்தார். "அமுக்கி மூடறதுல உங்க கைக்கு என்ன நோகுது? பூச்சி விழாதா?" என்றாள் பானுமதி. "பூச்சிக்கும் பசிக்கும்ல" என்று சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தார். ஜூன் மாதத்து வெயில். தெருவில் நிறுத்தியிருந்த காரை நிழலுக்கு மாற்றிவிட்டு வருவதாகத் திட்டம். "நீ உலையை வை, தோ வந்துட்டேன்."

உலை கொதித்தது, அரிசி வெந்தது, கஞ்சி வடித்தாயிற்று. மகள் ரக்ஷிதா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கார் நிழலில்தான் நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமோ போன் பேசுகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். போன் அடித்தபோது அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோதும் எடுக்கவில்லை. அப்புறம்தான் ரக்ஷிதா செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

இதயம் என்றார்கள். ஐம்பத்தாறு வயது ஒரு வயதா என்று ஊரிலிருந்து பேசியவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

துபாய் கராமாவில் அவர்கள் வீட்டைத் தெரியாத தமிழ்க் குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. காரணம், தீபாவளி முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் சேதுராமன் சமைப்பார். ஜபல் அலியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி பார்க்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியைக் கைப்பற்றிக்கொள்வார். மட்டன் வறுவலும் பேரீச்சம்பழ அல்வாவும் அவர் கைவண்ணம். இரண்டிலும் பர்பன் சேரும்.

முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது, "பிஸ்கட்டா?" என்றுதான் பானுமதி கேட்டாள். பிஸ்கட் இல்லை. அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்ளே சுட்டுக் கருக்கிய மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறப்போடுகிற விஸ்கி. வேலை முடிந்து நாடு திரும்பிய ஒரு அமெரிக்க இன்ஜினியர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது. சேதுராமன் குடிக்கிறவர் இல்லை. அவர் அப்பா குடித்துக் குடும்பத்தைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு பியர்கூடத் தொட்டதில்லை. ஆனால் கொடுத்தவர் அன்பாகக் கொடுத்தது, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. பாட்டில் ஒரு வருடம் சமையலறை மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது. ஒருநாள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவர், "பானு, இதுல பாகு காய்ச்சற வாசனை வருதுடி" என்றார்.

"வரும் வரும். அப்புறம் வாந்தியும் வரும். மூடுங்க."

"இல்லடி, நிஜமா. வெல்லப்பாகு கொஞ்சம் தீஞ்ச மாதிரி. இத கறியில போட்டா?"

போட்டார். முதல் முறை வாணலியில் தீப்பிடித்து அவருடைய இடது புருவம் பொசுங்கியது. ஒரு மாதம் ஆபீஸில் எல்லோரும் அவரை ஒரு பக்கமாகவே பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

அந்த வாசனை பானுமதிக்கு ஆகாது. அதனால் அந்த ஞாயிறுகளில் சோறு, ரசம், அப்பளம் வரைக்கும் தன் வேலையை முடித்துவிட்டு, அடுப்படியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவாள். குளித்துத் தலை துவட்டி வரும்போது வேறொரு மணம் வீடு முழுக்க நிறைந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று அவள் பார்த்ததே கிடையாது. முதல் வருடம் தொடவே மாட்டேன் என்றாள். இரண்டாம் வருடம் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மூன்றாம் வருடம் தனித் தட்டு போட்டுக்கொண்டாள்.

அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். எல்லாமே இரண்டு சட்டி. ஒன்றில் பர்பன் சேரும், இன்னொன்றில் சேராது. பர்பன் சட்டியின் கரண்டிக் கைப்பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். எதிர்வீட்டு ஈசா, கீழக்கரைக்காரர், அவரும் அவர் மனைவியும் அந்த விருந்துக்குத் தவறாமல் வருவார்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டாவது சட்டியிலிருந்துதான். ரக்ஷிதாவுக்கே இருபத்தொன்று ஆன பிறகுதான் சிவப்புக் கரண்டி கிடைத்தது. சாப்பிட வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "இதுல இருக்கு, அதுல இல்ல. தெரியாம யாரும் சாப்பிடக் கூடாது, தெரிஞ்சு யாரும் கூச்சப்படக் கூடாது."

அவர் போன நாளில் வீடு நிறைய ஆட்கள். உடலை ஊருக்கு எடுத்துப்போகிற அலைச்சலை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டவர் சோலையப்பன். தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், சேதுராமனின் இருபது வருட நண்பர், பானுமதியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த உதவியைப் பானுமதி மறக்க முடியாது. ஆனால் சடங்கெல்லாம் முடித்துத் திரும்பி வந்து அடுப்படியை ஒழுங்கு செய்தபோது, வினிகருக்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில் எப்போதும் இருக்கும் பாட்டிலைக் காணவில்லை.

அதைப் பற்றி அவள் அப்போது யாரிடமும் கேட்கவில்லை. கேட்க நேர்ந்தது தீபாவளி நெருங்கியபோது, சோலையப்பன் போன் செய்த அன்றைக்கு.

"தங்கச்சி, இந்த வருஷம் ஞாயித்துக்கிழமை சாப்பாட்ட ஹோட்டல்ல வச்சுக்கலாம்னு எல்லாரும் பேசியிருக்கோம். பஃபே. நீயும் புள்ளையும் வந்து உக்காந்தா போதும். ஒரு வேலை கிடையாது."

"ஏண்ணே? என் வீட்டுக்கு என்ன?"

"அதில்ல... உங்க வீட்டுல இந்த வருஷம் பண்டிகை கிடையாதே."

"பண்டிகை கிடையாதுதான். எண்ணெய் தேய்க்கப் போறதில்ல, துணி எடுக்கல, ஒரு மத்தாப்புகூட வாங்கல. ஆனா அவர் சமைக்கிறது தீபாவளிக்கா? அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு. ஞாயித்துக்கிழமைக்கும் துக்கம் உண்டாண்ணே?"

"சரிம்மா. ஆனா சமைக்கிற ஆள் வேணுமில்ல? அவன் கைப்பக்குவம் அவனோட போச்சு. நாமளா எதையாவது பண்ணி, அது சரியா வராம, எல்லாரும் உன் முகத்துக்காகச் சாப்பிட்டு... வேணாம் தங்கச்சி. அது அவனுக்கும் நல்லாருக்காது."

கடைசி வாக்கியம்தான் அவளை உசுப்பிவிட்டது. நாலு மாதமாக அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட, "என்ன குழம்பு?" என்று கேட்கவில்லை. இந்த ஞாயிறும் ஹோட்டலுக்குப் போய்விட்டால் அப்புறம் எல்லா ஞாயிறும் ஹோட்டலுக்குத்தான். அவருடைய வீடு வாழைப்பழ வீடாகவே நின்றுவிடும்.

"ஹோட்டல கேன்சல் பண்ணுங்கண்ணே. எல்லாரும் இங்கதான் வர்றாங்க. அதே வறுவல், அதே அல்வா."

"தங்கச்சி..."

"ஆமா, அந்த பாட்டில் எங்கண்ணே?"

எதிர்முனையில் ஒரு செருமல் கேட்டது.

"நாந்தான் ஊத்திட்டேன்" என்றார் சோலையப்பன். "சிங்க்ல. அன்னிக்கி வீட்டுக்கு யாரார் வருவாங்களோ, அடுப்படியில பாட்டிலப் பாத்தா குடிச்சுத்தான் செத்தான்னு ஒரு பேச்சு வந்துரும். ஒரு சொட்டு தொடாதவனுக்கு அந்தப் பேரு எதுக்குன்னுட்டு..."

பானுமதிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியும் விட்டது. நல்லெண்ணத்தில் இவ்வளவு முட்டாள்தனம் செய்ய நம் ஆட்களால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பரவால்ல விடுங்க. புதுசு வாங்கிக்கறேன்."

"நீயா?"

"நாந்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த மதுக்கடை வாசலில் போய் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டிய கடை. எத்தனையோ வருடமாக அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறாள். தாண்டும்போதெல்லாம் கைப்பேசியில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் குனிந்துகொள்வது வழக்கம். இன்றைக்குப் பையில் எமிரேட்ஸ் ஐடியும், அதைக் காட்டி வாங்கிய அனுமதி அட்டையும் இருந்தன. கையில் முருங்கைக்காய்க் கட்டு. சும்மா காய்கறி வாங்க வந்தவள்போல் உள்ளே போய்விடலாம் என்ற யோசனை. உள்ளே போன பிறகுதான், சாராயக் கடையில் முருங்கைக்காயோடு நிற்பவள்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவாள் என்பது புரிந்தது.

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற மலையாளிப் பையன், "எந்தா சேச்சி?" என்றான்.

"பர்பன் வேணும். சமையலுக்கு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு அலமாரியைக் காட்டினான். "எத்தர பழசு வேணும்?"

"பழசானா நல்லதா? புளி மாதிரியா?"

"அதே சேச்சி, புளி மாதிரிதன்னே."

அவள் ஒரு நடுத்தரப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திரும்பியபோது, அடுத்த வரிசையில் ஒரு தெரிந்த வழுக்கைத்தலை. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார் மணிமாறன். ஒழுக்கம் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேசுகிறவர். கையில் இரண்டு பாட்டில். ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். ஓடி ஒளிய இடமில்லை.

"மேடம்... நீங்களா?"

"மட்டனுக்கு சார்" என்றாள் பானுமதி.

மணிமாறன் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முருங்கைக்காயைப் பார்த்தார். "எனக்கும்... மட்டனுக்குத்தான் மேடம்."

பானுமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு, சாராயக் கடையில் வந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க சார். யாரு மட்டன் நல்லாருக்குன்னு பாத்துருவோம்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள். வந்ததும் ஒத்திகைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அளவு எதுவும் அவர் எழுதி வைத்ததில்லை, மூக்குதான் அவருக்கு அளவு. ஆனால் அவளுக்கும் முப்பது வருடச் சமையல் கைவசம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தாள். வாசனைக்குச் சேர்க்கிற எதையும் கடைசியில்தான் சேர்ப்போம். ரசத்துக்குக் கொத்தமல்லி, சாம்பாருக்குப் பெருங்காயம், குருமாவுக்கு முதல் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஊற்றி, ஒரு கிண்டு, அடுப்பை அணை, மூடு. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வாசனைச் சரக்கைக் கொதிக்கவிட்டு வீணாக்குவார்களா?

அப்படியே செய்தாள். கறியை வேகவைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சோம்பும் போட்டுச் சுருள வதக்கி, எண்ணெய் பிரிந்து வந்ததும் அடுப்பை அணைத்து, பர்பனை ஊற்றி, மூடி போட்டுக் காத்திருந்தாள். அல்வாவிலும் அப்படியே: நெய் கக்கி, முந்திரி போட்டு, இறக்கும்போது மேலாக ஊற்றிக் கிளறினாள்.

மூடியைத் திறந்ததும் மூக்குக்குள் ஊசி ஏறியது. ரக்ஷிதா ஒரு துண்டை வாயில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தாலே போதும்.

"அம்மா, ப்ளீஸ் டோன்ட் மைண்ட். சானிடைசர் குடிச்ச மாதிரி இருக்கு."

"அல்வா?"

"ஸ்வீட் சானிடைசர்."

பானுமதி தானும் ஒரு வாய் எடுத்தாள். கறி தனியாக இருந்தது, சாராயம் தனியாக இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசவே இல்லை. நாக்கின் ஓரம் எரிந்தது, தொண்டையில் கசந்தது. அரைக்கிலோ கறி, ஒரு தட்டு பேரீச்சம்பழம், எல்லாம் குப்பைக்கு. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ரக்ஷிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

"சோலை மாமாக்கு போன் பண்ணவாம்மா? ஹோட்டலே இருக்கட்டும். நோபடி வில் மைண்ட்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி. அதான் கஷ்டமா இருக்கு."

அழைப்பு மணி அடித்தது. ஈசா. ஞாயிற்றுக்கிழமைக் கறி எத்தனை கிலோ சொல்லட்டும் என்று கேட்க வந்தவர், வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா, யாருக்காச்சும் ஊசி கீசி போட்டீங்களா?"

பானுமதி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சமையல் முறையை ஒவ்வொரு படியாகச் சொன்னாள். ஈசா அடுப்படிக்குள் வராமல், வாசல்படி ஓரத்தில் நின்றே கேட்டார். "கடேசியிலயா ஊத்துனீங்க?" என்றார்.

"பின்ன எப்ப? வாசனைச் சரக்கு இல்லையா?"

"இல்லக்கா. அண்ணன் கடேசியில ஊத்த மாட்டாரு."

"நீங்க அத வாயில வச்சதில்லையே ஈசா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாயில வச்சா என்ன, வைக்காட்டி என்ன? ஒவ்வொரு வருஷமும் இந்தப் படியில நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்ல? எதுக்கு? அந்தச் செவப்புக் கரண்டி தப்பித்தவறி நம்ம சட்டிக்குள்ள வந்துரக் கூடாதேன்னுதான்! அண்ணன் அரட்டை அடிச்சுக்கிட்டே கிண்டுவாரு, எனக்குக் கண்ணு பூரா கரண்டி மேல. ரெண்டு சட்டியும் ஒண்ணு போலதான் போகும் அக்கா. கறி பெரண்டு, கொஞ்சம் செவந்து வரும். அப்ப எங்க சட்டியில புளிக்கரைசலும் கருப்பட்டியும் விடுவாரு. அதே நேரத்துலதான் அந்தச் சட்டி அடுப்ப அணைச்சு அத விடுவாரு. பொறவு ரெண்டையும் மூடாமக் கொதிக்க விடுவாரு. எங்க சட்டிதான் முதல்ல அடங்கும். அதுக்கு இன்னுங் கொஞ்ச நேரம் குடுப்பாரு. அடிக்கொரு தரம் மோந்து பாத்து, 'இன்னும் போகல ஈசா, இன்னும் போகல'ம்பாரு."

"என்ன போகல?"

"என்னத்தக் கண்டேன்? நானும் கேக்கல."

ஆனால் பானுமதி எழுந்து நின்றுவிட்டாள். என்ன போகவில்லை என்று எந்தத் தமிழ்ச் சமையல்காரிக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பச்சை வாசனை. புளிக்கு உண்டு, மஞ்சள்தூளுக்கு உண்டு, இஞ்சிபூண்டு விழுதுக்கு உண்டு. அது போகும்வரை கொதிக்கவிடாத குழம்பை அவள் வாழ்நாளில் இறக்கியதில்லை. இந்தச் சீமைச் சரக்குக்கும் ஒரு பச்சை வாசனை இருக்கும் என்று மட்டும் தோன்றாமல் போய்விட்டது. விலையைப் பார்த்து அதைத் தேங்காய்ப்பாலாக நினைத்துவிட்டாள். அவர் அதைப் புளியாக நினைத்திருக்கிறார்.

"ஈசா, கறிக்காரர் கடை இன்னும் தொறந்திருக்குமா?"

"இப்பவா? இருக்கும்..."

"இன்னொரு அரைக்கிலோ வேணும். உடனே."

இந்தத் தடவை அவள் குளிக்கப் போகவில்லை. கறி சிவந்ததும் அடுப்பை அணைத்தாள், புருவத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றினாள், பற்றவைத்தாள். முதலில் அதே ஊசி, கண்ணில் நீர் முட்டியது. அவள் நகரவில்லை. கொதி ஏற ஏறக் காரமான ஆவி மேலெழுந்து புகைபோக்கி விசிறிக்குள் போயிற்று. மோந்து பார்த்தாள். இன்னும் போகவில்லை. கிளறினாள். மிளகாயும் சோம்பும் போட்டாள். மறுபடி மோந்தாள். இன்னும் போகவில்லை. பிறகு, எந்தக் கணத்தில் என்று சொல்ல முடியாதபடி, மணம் புரண்டு படுத்தது. முள் மழுங்கியது. வெல்லப்பாகு முற்றி வருகிற வாசனையும், சுட்ட மரத்தின் வாசனையும், அதற்கடியில் கறியும் மிளகாயும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தன. வருடா வருடம் அவள் தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்ற வாசனை.

கூடத்தில் ஏதோ படித்துக்கொண்டிருந்த ரக்ஷிதா ஓடி வந்தாள். அடுப்படி வாசலில் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். பானுமதி கரண்டியை நீட்டினாள். "அழுதுட்டே சாப்பிடு. உப்பு பாத்துச் சொல்லு."

"பெர்ஃபெக்ட்மா" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அப்பாதும்மா இது."

அல்வாவுக்குப் பேரீச்சம்பழத்தைப் பர்பனில் கருப்பட்டியோடு சேர்த்து முதலிலேயே கொதிக்கவிட்டு, பச்சை போனபிறகுதான் நெய்யைத் தொட்டாள். அதுவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். வரும்போது எல்லோருக்கும் அதே துக்க வீட்டு முகம்தான் இருந்தது. இரண்டு பேர் கையில் வாழைப்பழம்கூட இருந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே கால்வைத்ததும் மூக்கு முதலில் நிமிர்ந்தது, பிறகு தலை. "என்னடா இது..." என்று யாரோ சொன்னார்கள்.

பானுமதி மேசையில் எல்லாம் பரப்பியிருந்தாள். நடுவில், பெயர்ச்சீட்டு வெளியே தெரியும்படி, பாதி தீர்ந்த பர்பன் பாட்டில். சோலையப்பன் அதைப் பார்த்ததும் கை தானாக நீண்டு, எடுத்து மறைத்துவிடப் போனது.

"கைய வைக்காதீங்கண்ணே" என்றாள் பானுமதி. "அது அங்கதான் இருக்கணும்."

பிறகு எல்லோரையும் பார்த்து, சேதுராமன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. சிவப்புக் கரண்டி போட்ட சட்டியில இது சேர்ந்திருக்கு. நல்லாக் கொதிச்சிருக்கு, ஆனா சேர்ந்திருக்கு. மத்த சட்டியில இல்ல. அவர் ஒரு நாளும் குடிச்சதில்ல. சமைச்சார். நானும் சமைச்சிருக்கேன். தெரியாம யாரும் சாப்பிட வேணாம், தெரிஞ்சு யாரும் கூச்சப்பட வேணாம்."

ஈசா தன் நாற்காலியை இழுத்து அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டார், கரண்டிகள் பத்திரம். அவர் மனைவி இரண்டாவது சட்டியிலிருந்து முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "அக்கா, போன வருஷத்த விட புளி கொஞ்சம் தூக்கல், இதான் நல்லாருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது பானுமதிக்கு. முகத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் புளி தூக்கல் என்று சொல்ல மாட்டார்கள்.

சோலையப்பன் வறுவலை ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தபடியே நின்றார். அப்புறம் மறுபடி மென்றார். சிவப்புக் கரண்டியால் மூன்று முறை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டு, ஒரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

மணிமாறன் சார் கையில் ஒரு டப்பாவோடு வந்திருந்தார். "மேடம், சொன்ன மாதிரி நானும் மட்டன்ல போட்டுப் பாத்தேன்" என்று நீட்டினார். திறந்தால் அதே ஊசி.

"கடைசியில ஊத்துனீங்களா சார்?"

"ஆமா மேடம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பச்சை வாசனை போகல சார்" என்றாள் பானுமதி, எத்தனையோ வருடம் இதைச் செய்து பழகியவள்போல. "மறுபடி அடுப்புல ஏத்தி, மூடாம, போற வரைக்கும் கொதிக்க விடுங்க. அவசரப்படாதீங்க."

பேச்சு சத்தமாகிவிட்டது. யாரோ அரசியல் ஆரம்பித்தார்கள், யாரோ அதை அடக்கினார்கள். ரக்ஷிதா தன் அப்பாவின் புருவம் பொசுங்கிய கதையை, அவர் காட்டுகிற மாதிரியே முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி நடித்துக் காட்டினாள்; ஜபல் அலிக்காரர்கள் இருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சட்டிகளில் அடி தெரிந்தது. அல்வாத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து இன்னொருவர் பிடுங்கினார்.

எல்லாம் முடிந்து, கை கழுவிவிட்டு, சோலையப்பன் அவளிடம் வந்தார். முகம் சரியாக இல்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்னண்ணே?"

"கார் டிக்கியில ஒரு சட்டி பிரியாணி இருக்கு. ஹோட்டல்ல சொல்லி வாங்கிட்டு வந்தேன். ஒருவேள இங்க சரியா வரலன்னா... உனக்குச் சங்கடம் வேணாமேன்னு."

முதலில் சிரித்தது பானுமதிதான். அதன் பிறகு வீடே சிரித்தது. சோலையப்பன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார், கடைசியில் அவரும் சிரித்தார்.

"நாத்தூருக்கும் கீழ ரூம்ல இருக்கற பசங்களுக்கும் குடுத்துருங்கண்ணே. இங்க யாருக்கும் வயித்துல இடமில்ல." நாத்தூர் என்பது கட்டிடத்தின் காவலாள், பெஷாவர் பக்கத்துக்காரர். "அடுத்த வருஷமும் எடுத்துட்டு வாங்க. அவங்களுக்காவது ஆகும்."

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தார் சோலையப்பன்.

"அதே ஞாயித்துக்கிழமை" என்றாள் பானுமதி. "ஹோட்டல்காரன்கிட்ட இப்பவே சொல்லிருங்க."

மாலை வெயில் சாயும்போது கடைசி விருந்தாளியும் கிளம்பிவிட்டார். பானுமதி பாட்டிலைத் துடைத்து மேல்தட்டில் வைத்துவிட்டு, சட்டிகளைக் கழுவ ஆரம்பித்தாள். வெளியே லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தாள். நாத்தூர், பளிச்சென்று கழுவிய பிரியாணிச் சட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். லிஃப்டில் கூட வந்த, புதிதாகக் குடிவந்த ஒரு பிலிப்பினோ பெண் அவரிடம் எந்த வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாத்தூர் பானுமதியின் கதவைக் காட்டி, எப்போதும் சொல்கிற மாதிரி, சேதுராமன் பேரிலேயே வீட்டைச் சொன்னார்: "சேது சாப் கா கர்."